காட்டுக் குதிரைக்கு ஒரு வீடு

வட இந்திய நகரங்களில் குடியேறி வாழும் நமக்குக் கல்யாண சீசனில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கும், பட்டாசு வெடிக்கும், தலையில் விளக்குகளைச் சுமந்தபடி ஆட்கள் வரிசையாக நடப்பார்கள். இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவே மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒரு வெள்ளைக் குதிரை சாதுவாக நின்றுகொண்டிருக்கும். 'குதிரை என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது' என்று நாமும் நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

உண்மையில் குதிரை பிறவியிலேயே பயந்த பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகிவிடாமல் ஓடி ஓடியே பிழைத்து வந்த இனம் அது. சத்தம் கேட்டால் ஓடு, பிறகு யோசி என்பதுதான் அதன் ரத்தத்தில் ஊறிய பாடம். அப்படியிருக்க, மனித வாடையே படாமல் மலையிலும் பாலையிலும் பிறந்து வளர்ந்த ஒரு குதிரையைப் பிடித்துவந்து, மனிதன் கை பட்டால் மிரளாத அளவுக்குப் பழக்கி, அதற்கேற்ற ஒரு குடும்பத்தையும் தேடிக் கொடுப்பது என்றால் எவ்வளவு பெரிய காரியம்! அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரைநூற்றாண்டாக இந்தக் காரியம் நடந்து வருகிறது. அந்தக் குதிரைகளுக்குப் பெயர் மஸ்டாங்.

மஸ்டாங் என்றதும் நம் இளைஞர்களுக்கு ஃபோர்டு கம்பெனியின் கார்தான் நினைவுக்கு வரும். காருக்குப் பெயர் தந்த குதிரையின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சொந்தக்காரர் இல்லாத குதிரை

குதிரை இனத்தின் பூர்வீகமே வட அமெரிக்காதான். ஆனால் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அது அடியோடு அழிந்துபோயிற்று. பிறகு 1493இல் கொலம்பஸ் தமது இரண்டாவது பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார். 1519இல் கோர்ட்டேஸ் மெக்சிகோ கரையில் 16 குதிரைகளோடு இறங்கினார். அப்படி வந்த ஸ்பானியக் குதிரைகளில் தப்பி ஓடியவையும், பின்னாளில் படைகளும் பண்ணைகளும் கைவிட்டவையும் சேர்ந்து காட்டில் பெருகின. ஸ்பானிய மொழியில் 'மெஸ்டெனோ' என்றால் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கால்நடை. அச்சொல்தான் மருவி மஸ்டாங் ஆயிற்று.

நம் நாட்டிலும் இப்படிக் காட்டுக்குத் திரும்பிய குதிரைகள் உண்டு. கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போனவர்கள் வெளிமான்களோடு மேய்ந்துகொண்டிருக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். அசாமில் திப்ரு-சைகோவா வனத்திலும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இவற்றின் எண்ணிக்கையும் அதனால் எழுந்த சண்டையும் வேறு அளவு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மஸ்டாங்குகளை மாடு மேய்ப்போர் தொல்லையாகவே பார்த்தார்கள். பண்ணை மாடுகளின் புல்லை இவை தின்றுவிடுகின்றன என்பது அவர்கள் குறை. லாரிகளிலும் விமானங்களிலும் துரத்திப் பிடித்து, நாய்த் தீனி செய்யும் ஆலைகளுக்கு விற்றார்கள். மர்லின் மன்றோ நடித்து 1961இல் வெளியான 'தி மிஸ்ஃபிட்ஸ்' படத்தின் கதையே இந்த வேட்டையைச் சுற்றியதுதான்.

இதை எதிர்த்து நின்றவர் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன். ரீனோ நகரில் ஓர் அலுவலகத்தில் செகரட்டரியாக வேலை பார்த்தவர். சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு முகமும் உடலும் கோணியவர். 1950இல் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், முன்னே சென்ற லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு பின்தொடர்ந்தார். உள்ளே காயம்பட்ட காட்டுக் குதிரைகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. அன்று தொடங்கிய போராட்டத்தை அவர் இறுதிவரை விடவில்லை. எதிராளிகள் கேலியாக 'வைல்டு ஹார்ஸ் ஆனி' என்று பெயர் வைத்தார்கள். அதையே அவர் விருதாக ஏற்றுக்கொண்டார். பள்ளிக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 1959இல் மோட்டார் வாகனங்களால் குதிரை வேட்டையாடுவது தடை செய்யப்பட்டது. 1971 டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், அரசு நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் முழுப் பாதுகாப்பு அளித்தது. 1977இல் வெல்மா காலமானார்.

காப்பாற்றியபின் வந்த சங்கடம்

சட்டம் குதிரைகளைக் காப்பாற்றியது. ஆனால் காப்பாற்றியதோடு கதை முடியவில்லை. போதிய எதிரிகள் இல்லாத இடத்தில் குதிரைக் கூட்டம் ஆண்டுக்கு 20 சதவீதம் வரை பெருகும். நாலைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். மேற்கே உள்ளதோ வறண்ட பூமி. பி.எல்.எம். எனப்படும் கூட்டாட்சி நில நிர்வாகத் துறை, தன் நிலங்கள் தாங்கக்கூடிய எண்ணிக்கை சுமார் 25,500 என்று கணக்கிட்டிருக்கிறது. 2024 மார்ச் மதிப்பீட்டின்படி அங்கே திரிந்தவை, கழுதைகளையும் சேர்த்து, சுமார் 73,500.

ஆகவே துறையினர் ஹெலிகாப்டர்களைக் கொண்டு கூட்டங்களை விரட்டி, பட்டிகளில் அடைத்துப் பிடிக்கிறார்கள். பிடித்தவற்றை விற்க முடியாவிட்டால் அரசே தீனி போட்டு வளர்க்க வேண்டும். இப்படி அரசுப் பட்டிகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் 60,000க்கும் மேற்பட்ட பிராணிகள் காலம் கழிக்கின்றன. 2023 நிதியாண்டில் இதற்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பட்டியில் அடைத்து வைப்பது பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2022 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்துக் கேனன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 140க்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன.

குதிரைகளைப் பிடிப்பதே கூடாது, ஹெலிகாப்டர் விரட்டலில் கால் ஒடிந்து சாகின்றன, கருத்தடை ஊசியை எட்ட நின்று சுட்டுப் பெருக்கத்தைக் குறைத்தால் போதும் என்று வாதிடும் அமைப்புகள் உண்டு. நிலமும் நீரும் மற்ற வன விலங்குகளுக்கும் வேண்டாமா என்று கேட்போரும் உண்டு. இந்த வழக்கு எளிதில் தீராது. ஆனால் ஏற்கனவே பிடிபட்டுப் பட்டியில் நிற்கும் குதிரைக்கு வழக்கு தீரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதற்கு இருக்கும் நல்ல வழி ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். 1970களிலேயே இதற்காகத் தத்துக் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

தத்துக்கு வரும் ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும், பிடரி மயிருக்குக் கீழே இடப்பக்கத்தில், ஒரு வெள்ளைக் குறி இருக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டதல்ல அது. திரவ நைட்ரஜனில் குளிர வைத்த இரும்பை வைத்து எடுப்பார்கள். அந்த இடத்தில் மீண்டும் முளைக்கும் ரோமம் வெள்ளையாக வளரும். கோணங்களாலான அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள், குதிரை பிறந்த ஆண்டையும் பதிவு எண்ணையும் உடனே சொல்லிவிடுவார்கள்.

உடைப்பதா, பழக்குவதா?

பழைய கௌபாய்கள் குதிரையை வசப்படுத்தும் முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'உடைப்பது' என்பதுதான். கயிறு வீசிப் பிடித்து, கட்டிப் போட்டு, சேணத்தை ஏற்றி, மேலே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். குதிரை துள்ளித் துள்ளி அலுத்துப்போய் நிற்கும்போது வேலை முடிந்தது. 'அடியாத மாடு படியாது' என்று நம் ஊரிலும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாம் டோரன்ஸ், ரே ஹண்ட் போன்ற மேற்கத்தியக் குதிரைக்காரர்கள் வேறு வழியைப் பரப்பினார்கள். அவர்கள் வழியில் வந்த பக் பிரானமன் என்பவரின் வாழ்க்கைதான் 'தி ஹார்ஸ் விஸ்பரர்' என்ற நாவலுக்கும், 1998இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு எடுத்த படத்துக்கும் தூண்டுகோல். அடித்துப் பணிய வைப்பதற்குப் பதிலாக, குதிரையின் பயம் எதனால் என்று புரிந்துகொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதே அவர்கள் முறை. நம் தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. 'பழக்குதல்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பழகுதல்' இருக்கிறது அல்லவா? இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பழகினால்தான் ஒருவரை மற்றவர் பழக்க முடியும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். குதிரையை முதலில் உயர்ந்த வேலியிட்ட சிறு பட்டியில் விடுகிறார்கள். தண்ணீரும் காய்ந்த புல்லும் வைக்கிறார்கள். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று குதிரையைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. மஸ்டாங்கோ கொள்ளு என்றாலும் வாயைத் திறக்காது! தானியம், கேரட், ஆப்பிள் எதுவும் அது அறியாத பண்டங்கள். ஆகவே தின்பண்டம் காட்டி மயக்கலாம் என்பது ஆரம்பத்தில் நடக்காது.

பயிற்சியாளர் பட்டிக்குள் நுழைகிறார். குதிரை எதிர்க்கோடிக்கு ஓடுகிறது. அவர் துரத்துவதில்லை. நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதும் இல்லை. ஏனெனில் இரண்டு கண்ணும் முன்னால் பார்க்க நேராக நடந்து வருவது புலியின் வழக்கம். உடலைச் சற்றே திருப்பி, தோளைத் தொங்கவிட்டு நிற்கிறார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்று முழுவதும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டுமே தெரியாது. எனவே தோள்ப்பக்கமாகவே அணுகவேண்டும்.

ஒரு கட்டத்தில் குதிரை ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பும். அந்தக் கணமே அவர் ஓர் அடி பின்வாங்குகிறார். பிறகு மீண்டும் முன்னே ஓர் அடி. குதிரை தலையைத் திருப்பிப் பார்க்கிறது. மீண்டும் பின்வாங்குகிறார். இந்த வித்தையின் முழு ரகசியமும் இந்தப் பின்வாங்கலில்தான் இருக்கிறது. ஓடினால் நெருக்கடி நீடிக்கும், நின்று பார்த்தால் நெருக்கடி விலகும் என்று குதிரை தானே கண்டுபிடிக்கிறது. தண்டனையும் இல்லை, லஞ்சமும் இல்லை. சரியான நேரத்தில் விட்டுக்கொடுப்பதுதான் பரிசு.

சிலர் அடுத்த கட்டத்தில் நீண்ட மூங்கில் கழியைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்பதற்கல்ல, தடவிக் கொடுப்பதற்கு! கை எட்டாத தூரத்தில் நின்றபடியே கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் மெல்லத் தேய்க்கிறார்கள். மந்தையில் இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அந்த இடத்தில்தான். ஆகவே அங்கே தொட்டால் அதற்குப் பழைய சுகம் நினைவுக்கு வரும். நாளடைவில் கழியின் நீளம் குறைந்து குறைந்து, கடைசியில் கையே அங்கே வந்துவிடும். குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயை மென்று, பெருமூச்சு விட்டால் அன்றைய பாடம் அங்கே நிற்கும். ஒரு பக்கம் பழகிய குதிரைக்கு மறுபக்கம் புதிது என்பதால் வலப்பக்கத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன்பின் தலைக்கயிறு மாட்டுவது, கயிற்றைப் பிடித்தால் கூட வருவது, நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தருவது, வண்டியில் ஏறி இறங்குவது. இந்த நான்கும் ஒரு குதிரைக்குக் குறைந்தபட்சப் படிப்பு எனலாம். இவற்றில் கால் தூக்கித் தருவதுதான் கடினம். ஓடித் தப்பும் பிராணிக்குக் கால்தான் உயிர். அதை மனிதன் கையில் கொடுத்துவிட்டு மூன்று காலில் நிற்பது என்றால் தன் உயிரையே ஒப்படைப்பதற்குச் சமம். ஆனால் அது இல்லாமல் வாழ முடியாது. மலைப்பாறைகளில் நடக்கும்போது குளம்பு தானே தேயும்; பண்ணையில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர் செய்ய வேண்டும்.

சிறைக்குள் ஒரு பள்ளி

இந்தக் குதிரைகளைப் பழக்குவோரில் பலர் சிறைக் கைதிகள் என்பது வியப்பான செய்தி. கொலராடோவின் கேனன் சிட்டி சிறையில் 1986இல் இத்திட்டம் தொடங்கியது. பிறகு வயோமிங், நெவாடா, கன்சாஸ், அரிசோனா, கலிஃபோர்னியா என்று பரவியது. குதிரையைத் தொட்டே அறியாத கைதிகளும் சில மாதங்களில் ஒரு காட்டுக் குதிரையில் சேணமிட்டு ஏறும் அளவுக்குத் தேறுகிறார்கள். கோபத்தைக் காட்டினால் குதிரை ஓடிவிடும்; மறுநாள் மீண்டும் முதல் பாடம். பொறுமையைக் கற்பிக்க இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது அரிது. நெவாடா சிறையில் நடந்ததை ஆதாரமாக வைத்து 2019இல் 'தி மஸ்டாங்' என்ற திரைப்படமும் வந்தது. இப்படிப் பழகிய குதிரைகளில் சில எல்லைக் காவல் படையில் பணிக்குச் சென்றிருக்கின்றன.

வெளியே உள்ள பயிற்சியாளர்களை ஈர்க்க 2007இல் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. மஸ்டாங் ஹெரிடேஜ் அறக்கட்டளை நடத்திய அப்போட்டியில் ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் தொடப்படாத ஒரு குதிரையைக் கொடுத்து 100 நாள் தவணை கொடுத்தார்கள். நூறாவது நாளில் அதே குதிரையில் ஏறி அரங்குக்குள் வந்து வித்தை காட்டவேண்டும். கூட்டம் கைதட்டும், அதன்பிறகு குதிரை ஏலத்துக்கு வரும். யாருக்கும் வேண்டாத குதிரை என்று எண்ணியிருந்த பலருக்கு இது கண் திறந்துவிட்ட நிகழ்ச்சி. பழக்கிய குதிரைக்கு வீடு கிடைப்பது எளிது என்பதும் இதனால் நிரூபணமாயிற்று.

வரன் பார்ப்பது போல

குதிரை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான். மீதிப் பாதி, தகுந்த வீடு பார்ப்பது. இது பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் போன்ற வேலை. இரண்டு பக்கமும் நல்லவர்களாகவே இருக்கலாம். பொருத்தம் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் துன்பம்.

சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான். தத்தெடுப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிராணி வதைக்காகத் தண்டனை பெற்றிருக்கக்கூடாது. ஒரு குதிரைக்கு 400 சதுர அடி, அதாவது இருபதுக்கு இருபது அடியுள்ள பட்டி வேண்டும். பழகாத பெரிய குதிரையென்றால் வேலி ஆறடி உயரம் இருக்கவேண்டும். முள்கம்பி கூடாது; மிரண்ட குதிரை அதில் பாய்ந்து தன்னைக் கிழித்துக்கொள்ளும். வெயில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் நெடுங்காலமாக 125 டாலர். ஓராண்டு வரை குதிரை அரசின் உடைமை. ஆண்டு முடிவில், குதிரை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று கால்நடை மருத்துவரோ வேறு தகுதியுள்ளவரோ சான்று தந்தபின்னரே உரிமைப் பத்திரம் கைக்கு வரும்.

நல்ல பயிற்சியாளர்கள் இதற்கு மேலும் கேட்கிறார்கள். வீட்டில் யாருக்குக் குதிரை அனுபவம் உண்டு? சவாரிக்கா, துணைக்கா? வேறு குதிரை இருக்கிறதா? குதிரை மந்தையாக வாழும் பிராணி. தனியே நிறுத்தினால் ஏங்கிப் போகும். இருபத்தைந்து ஆண்டு வாழக்கூடிய, நாளுக்குச் சுமார் பத்துக் கிலோ புல் தின்னும் பிராணியை வேலை போனாலும் ஊர் மாறினாலும் வைத்துக் காப்பாற்ற முடியுமா? 'எங்கள் பையனும் குட்டியும் ஒன்றாக வளரட்டும்' என்று ஆசைப்பட்டு வரும் பெற்றோரை அவர்கள் தயங்காமல் தடுக்கிறார்கள். ஒன்றும் தெரியாத குதிரையும் ஒன்றும் தெரியாத குழந்தையும் சேர்ந்தால் இரண்டில் ஒன்றுக்கு அடிபடும். அனுபவமில்லாத குடும்பத்துக்கு ஏற்றது, பல மாதம் சேணத்தில் பழகிய, சற்று வயதான, நிதானமான குதிரையே. சின்ன அசைவுக்கும் துடிக்கும் சுறுசுறுப்பான குதிரைக்கு அனுபவசாலியின் கை வேண்டும். பார்க்க அழகாயில்லாத சாம்பல் குதிரை ஒரு வீட்டுக்கு மிகப் பொருத்தமாக இருக்க, புள்ளிபோட்ட அழகுக் குதிரையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இதுவும் நாம் அறியாத கதை அல்லவே!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு மஸ்டாங் ஒருவரை நம்பிவிட்டது என்பதால் மனித குலத்தையே நம்பிவிட்டது என்று பொருளல்ல. பயிற்சியாளரிடம் பூனைக்குட்டிபோல் நிற்கும் குதிரை, புது எஜமானரின் தொப்பியைக் கண்டே மிரண்டு வேலியைத் தாண்டலாம். அதனால் விவரமறிந்தவர்கள் கடைசி வாரங்களில் வேறு வேறு ஆட்களைக் கொண்டு குதிரையைத் தொடச் செய்கிறார்கள். ஆண், பெண், கண்ணாடி போட்டவர், மழைக்கோட்டு அணிந்தவர், குடை பிடித்தவர் என்று எல்லோரும் வரவேண்டும். தத்தெடுக்கப் போகும் குடும்பத்தையும் முன்கூட்டியே பலமுறை வரவழைத்து, அவர்கள் கையாலேயே தலைக்கயிறு மாட்டச் சொல்கிறார்கள். குதிரைக்குப் பயிற்சி கொடுத்த அளவுக்கு மனிதருக்கும் கொடுக்கிறார்கள்.

புது வீட்டுக்குப் போனபிறகும் குதிரையை உடனே பெரிய மேய்ச்சல் வெளியில் விடுவதில்லை. விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. முதல் சில வாரம் சிறு பட்டியிலேயே வைத்து, அதே வேளையில், அதே ஆள், அதே குரலில் பேசித் தீனி வைக்க வேண்டும். தண்ணீரின் ருசி வேறு, மண்ணின் வாசனை வேறு, அக்கம்பக்கத்துச் சத்தம் வேறு. வேற்றூரில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முகமாவது மாறாமல் தெரிந்தால் எவ்வளவு ஆறுதல்!

ஆயிரம் டாலர் சொன்ன பாடம்

பொருத்தம் பார்க்காமல் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பட்டிகள் நிரம்பி வழிந்ததால், 2019இல் பி.எல்.எம். ஒரு ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. பழகாத குதிரையைத் தத்தெடுப்பவருக்கு அரசே 1,000 டாலர் தரும். தத்து எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி.

ஆனால் 2021 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட செய்தி அந்த மகிழ்ச்சியைக் குலைத்தது. சிலர் குடும்பத்தார் பெயரிலும் சேர்த்து, ஆளுக்கு நான்கு குதிரை என்ற உச்ச வரம்பு வரை எடுத்துக்கொண்டு, ஓராண்டு காத்திருந்து, உரிமைப் பத்திரமும் தொகையும் கைக்கு வந்தவுடன் குதிரைகளை ஏலச் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். அந்தச் சந்தைகளில் கசாப்புக்கு வாங்கும் வியாபாரிகள் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் குதிரை வெட்டும் ஆலைகள் 2007இல் மூடப்பட்டுவிட்டாலும், லாரியில் ஏற்றி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அனுப்ப வழி இருந்தது. எந்த லாரியைப் பார்த்து வெல்மா ஜான்ஸ்டன் கலங்கினாரோ அதே லாரி, சட்டப்படியான பத்திரத்தோடு மீண்டும் ஓடியது என்று சொன்னால் மிகையாகாது. விதிகளைத் திருத்திப் பார்த்தார்கள். வழக்குத் தொடரப்பட்டது. 2025 மார்ச்சில் கொலராடோவின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஊக்கத்தொகைத் திட்டத்தையே ரத்து செய்தது.

பணம் கொடுத்ததில் தவறில்லை என்று வாதிடலாம். பழக்கும் செலவுக்கு உதவியாக அதை நேர்மையாகப் பயன்படுத்திய குடும்பங்களும் பல இருந்தன. ஆனால் தொடப்படாத குதிரையையும் தொடத் தெரியாத ஆளையும் ஓராண்டு ஒரே வேலிக்குள் வைத்தால் மட்டும் உறவு உண்டாகிவிடாது. யாருக்கும் தலையைத் தராத குதிரையை விற்க மனம் வருத்தப்படாது. தினமும் காலையில் பட்டியோரம் வந்து நின்று கனைக்கும் குதிரையைக் கசாப்புக்காரனிடம் கொடுக்க எத்தனை பேருக்குக் கை வரும்? பழக்கம் என்பது சவாரிக்கான வசதி மட்டுமல்ல; குதிரைக்கு அதுவே உயிர்க்காப்பு.

1971 சட்டத்தில் 2004ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் இதை இன்னும் கூர்மையாக உணர்த்துகிறது. பத்து வயதைத் தாண்டிய குதிரையும், மூன்று முறை தத்துக்கு நிறுத்தியும் யாரும் எடுக்காத குதிரையும் நேரடி விற்பனைக்கு உரியவை ஆகின்றன. அவற்றுக்கு ஓராண்டுக் காத்திருப்பு என்ற பாதுகாப்பு கிடையாது. ஆக, மூன்றாவது முறை பட்டியில் நிற்கும் ஒரு குதிரை, அன்று வந்தவர்களைப் பார்த்து ஓடாமல் ஓர் அடி முன்னே எடுத்து வைக்குமா என்பதில் அதன் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. அந்த ஓர் அடிக்காகத்தான் பயிற்சியாளர்கள் வெயிலிலும் பனியிலும் மணிக்கணக்காகப் பட்டிக்குள் நிற்கிறார்கள்.

தொகையைப் பார்த்தால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அறுபதாயிரம் பிராணிகள் காத்திருக்க, ஒரு பயிற்சியாளரால் ஆண்டில் நன்றாகப் பழக்கி வீடு சேர்க்க முடிவது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. இருந்தாலும், வீடு சேர்ந்த குதிரையைப் பொறுத்தவரை கணக்கு முழுமையாகத் தீர்ந்துவிட்டது. ஓராண்டு நிறைந்து, மருத்துவர் சான்று தந்து, தபாலில் உரிமைப் பத்திரம் வரும் நாளில், சொந்தக்காரர் இல்லாதது என்ற பெயரோடு நானூறு ஆண்டுக்கு மேல் திரிந்த இனத்தில் ஒரு குதிரைக்கு வீடு என்று ஒன்று கிடைத்துவிடுகிறது. குதிரைக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. காலையில் வரும் காலடிச் சத்தம் யாருடையது என்று மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.